பட்டியலில் இல்லாத கை

(வடலூரில் முந்திரித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று கூலி உயர்வைப் பற்றியோ போனஸைப் பற்றியோ நாம் பேச வரவில்லை. உங்கள் கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கை என்றால் மணிக்கட்டு, விரல், முழங்கை, தோள்பட்டை எல்லாந்தான். குனிந்து குனிந்து தேய்ந்துபோன இடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் நம் சங்கத்துக்கு வந்தார். 22 வருஷமாக முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். அவர் வந்தது கூலிப் பாக்கி விஷயமாக. மனு எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தோம். வாங்கினார்; அது விரல்களுக்கிடையில் நிற்கவில்லை. நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தோம். மறுபடி விழுந்தது.

"என்னம்மா செய்கிறது?" என்று கேட்டோம்.

"ஒண்ணுமில்லீங்க, மரத்துப் போவுது. ரேகையே வச்சிக்குங்க" என்று சிரித்தார்.

எட்டாவது வரை படித்த பெண், கைநாட்டு வைத்தார். அந்தக் கட்டைவிரலிலும் ரேகை சரியாகப் பதியவில்லை. கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலை அரித்துவிட்டிருந்தது. ரேஷன் கடை எந்திரத்திலும் இதே கதைதானாம். கூலிப் பாக்கி பிறகு வந்தது. ஆனால் அந்தப் பேனா விழுந்த சத்தம் எங்கள் காதைவிட்டுப் போகவில்லை. கூலிப் பாக்கிக்கு மனு எழுதத் தெரிந்த நமக்கு, கைப் பாக்கிக்கு மனு எழுதத் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டோம். இந்தப் பேச்சே அந்த வெட்கத்தில் பிறந்ததுதான்.

நோய் எப்படி வருகிறது

மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு குறுகிய வழி இருக்கிறது. கீழே எலும்பு, மேலே கெட்டியான நார். அந்தச் சந்துக்குள்ளே விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை கையை மடக்கி, இறுக்கி, அடித்தால் நாண்களைச் சுற்றியிருக்கிற உறை வீங்குகிறது. இடம் குறுகலானதால், வீங்கினால் நரம்புதான் நசுங்க வேண்டும்.

நசுங்குகிற நரம்பு முதலில் ராத்திரியில் பேசும். தூக்கத்தில் கை மரத்து எழுப்பிவிடும்; உதறினால் கொஞ்சம் சரியாகும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கும், மோதிர விரலில் பாதி மரக்கும், சுண்டுவிரல் தப்பித்துக்கொள்ளும். இந்த அடையாளத்தை மறந்துவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான். இன்னும் சிலருக்குக் கட்டைவிரலின் அடிப்பக்கம் மணிக்கட்டோடு சேருமிடத்தில் வலிக்கும். குடத்தைத் தூக்க முடியாது, துணியைப் பிழிய முடியாது. சிலருக்கு மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொண்டு, பிறகு சொடுக்கென்று விடும். ஆரம்பத்திலேயே ஓய்வும் வைத்தியமும் கிடைத்தால் பெரும்பாலும் குணமாகிற நோய்கள்தான். வருஷக் கணக்கில் விட்டால் கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றிப்போகும். போன சதை சுலபத்தில் திரும்பாது.

இது ஏதோ நவநாகரிக நோய், கம்ப்யூட்டரில் தட்டுகிறவர்களுக்கு வருவது என்று சிலர் நினைக்கிறார்கள். இத்தாலியில் ராமசினி என்ற டாக்டர் 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கணக்கெழுதும் குமாஸ்தாக்களின் கை ஓயாத ஒரே அசைவினால் செயலிழப்பதை 1713 பதிப்பில் விவரித்தார். முந்நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் நம் ஊர்க் களத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை!

முந்திரிக் களத்தில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. குந்தி உட்கார்ந்து, கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டு, கட்டையால் தட்டு, பிள, பருப்பை எடு, தள்ளு, அடுத்த கொட்டை. எந்திரம் வந்த இடத்தில் ஒரு காலால் மிதித்து, கையால் கைப்பிடியை இழு. கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று. உடைந்த பருப்புக்கு விலை குறைவு. ஆகையால் அடி பலமாகவும் விழக் கூடாது, மெதுவாகவும் விழக் கூடாது. வேகமும் வேண்டும், பக்குவமும் வேண்டும். இரண்டையும் அந்த மணிக்கட்டுத்தான் தாங்குகிறது. பீஸ்ரேட் முறையில் மேஸ்திரி அதட்டவே வேண்டாம். வீட்டு அடுப்பு அதட்டும். பத்து நிமிஷம் கையை ஆற்றினால் பத்து நிமிஷக் கூலி போயிற்று. ஓய்வு எடுக்காததற்குத் தொழிலாளியே காரணம் என்று பிறகு சொல்ல முதலாளிக்கு வசதி!

எண்ணெய்க்கு உண்டு, எலும்புக்கு இல்லை

இப்போது சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வேலையில் காயம்பட்டால் நஷ்டஈடு என்பது நம் நாட்டில் 1923-ஆம் வருஷச் சட்டத்திலிருந்து வருகிறது. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒன்றான 2020-ஆம் வருஷச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அந்த 1923 சட்டமும், 1948-ஆம் வருஷ ஈ.எஸ்.ஐ. சட்டமும் அடக்கப்பட்டுவிட்டன. தொகுப்புகளைப் பற்றிய நம் சண்டை தனி. அதை வேறு கூட்டத்தில் பேசுவோம். கையின் கதையில் பழைய சட்டமும் புதிய தொகுப்பும் ஒரே மாதிரிதான்.

சட்டம் இரண்டு கதவு வைத்திருக்கிறது. ஒன்று, விபத்தினால் ஏற்பட்ட காயம். இன்னொன்று, தொழில் நோய். தொழில் நோய் என்றால் நீங்களும் டாக்டரும் சொன்னால் போதாது. சட்டத்தோடு சேர்ந்த மூன்றாவது பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் ஈயம், பாதரசம், பாஸ்பரஸ் விஷங்கள் இருக்கின்றன. மில் தொழிலாளியின் நுரையீரலைப் பிடிக்கிற பஞ்சு நோய் இருக்கிறது. இரைச்சலால் காது மந்தமாவது இருக்கிறது. ரசாயனத்தால் வரும் தோல் நோய் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே வேலை செய்து மணிக்கட்டு போவது மட்டும் இல்லை.

இதன் விசித்திரத்தைப் பாருங்கள். அந்த அம்மாளுடைய ஒரே கைதான். ஓட்டு எண்ணெய் பட்டு உள்ளங்கைத் தோல் வெந்துபோனால், அது பட்டியலில் உள்ள தோல் நோய், கேட்கலாம். அதே உள்ளங்கைக்கு இரண்டு அங்குலம் பின்னால் நரம்பு நசுங்கிப் பேனா பிடிக்க முடியாமல் போனால், அது பட்டியலில் இல்லை. தோலுக்கு உண்டு, நரம்புக்கு இல்லை!

பட்டியலில் இல்லாத நோய் என்றால், குறிப்பிட்ட ஒரு விபத்தினால் நேரடியாக வந்தது என்று காட்டினால்தான் நஷ்டஈடு. பழைய சட்டத்தின் 3-ஆவது பிரிவில் இருந்த இந்த வாசகம் புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் இந்த நோய் ஒரு நாளில் விழுகிற அடி அல்ல. 22 வருஷத்தில் எந்த நாளை விபத்து நாள் என்று எழுதுவது? எல்லா நாளும் விபத்து நாள். முதலாளியின் வக்கீல் இங்கேதான் நின்றுகொண்டு, "தேதி சொல்லு" என்று கேட்பார்.

உலகம் இப்படியே இல்லை. இங்கிலாந்தில் தந்தி அடிக்கும் ஊழியர்களுக்கு வந்த கைப் பிடிப்பு நோயை 1908-லேயே நஷ்டஈட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இன்று அங்கே மணிக்கட்டு நரம்பு நசுங்குவதும், நாண் உறை வீக்கமும் குறிப்பிட்ட வேலைகளுக்குத் தொழில் நோய்கள். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2010-இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் இவை பெயர் பெயராக இருக்கின்றன. நெடுநேரம் மண்டியிட்டும் குந்தியும் வேலை செய்து முழங்கால் சவ்வு கிழிவதுகூட இருக்கிறது. ஆகவே விஞ்ஞானம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பட்டியலில் ஏறிவிட்டால் பணம் தானாக வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. காது மந்தத்துக்கு நஷ்டஈடு 1948 முதல் சட்டத்தில் உண்டு. முதல் தொழிலாளி அதை வாங்கியது 1996-இல் என்று 2008-இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. 48 வருஷம்! அத்தனை வருஷமும் தறிகளும் சுத்தியல்களும் சத்தம் போடாமலா இருந்தன? கேட்க ஆள் இல்லை. எழுதித்தர டாக்டர் இல்லை.

இன்றைக்கு என்ன செய்யலாம்

அதனால் சும்மா இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கதவு சாத்தியிருந்தாலும் இடுக்கு இருக்கிறது.

வேலைப் பளுவும் அலுப்பும் உடலுக்குள்ளே ஏற்படுத்துகிற சேதத்தையும் விபத்தாகப் பார்க்கலாம் என்று கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. லாரி ஓட்டிப் போன டிரைவர் வழியில் மாரடைப்பால் இறந்தார். பரம்பால் சிங் வழக்கு என்று பெயர். 2012-இல் சுப்ரீம் கோர்ட், வேலையின் பளுவுக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்று நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. வெளிக்காயம் எதுவும் இல்லை; ஆனாலும் விபத்து. இதிலிருந்து நமக்குக் கிடைப்பது என்னவென்றால், பலநாள் வலித்த கை ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட வேலையின் நடுவில், சட்டென்று விட்டுப் போயிருந்தால், மூட்டையைத் தூக்கும்போது நாண் அறுந்திருந்தால், அந்த நாளை உடனே பதிவு செய்ய வேண்டும். அது விபத்து. இல்லாததை இருப்பதாகச் சொல்லச் சொல்லவில்லை, கவனியுங்கள். பொய் ஒன்று பிடிபட்டால் பின்னால் வருகிற பத்துப் பேருடைய உண்மையும் போய்விடும். ஆனால் நடந்ததை நடந்த அன்றே எழுதாமல் விடுகிறோமே, அதைத்தான் சொல்கிறோம்.

ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு வழி வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்பது 2017 முதல் இருந்துவரும் வரம்பு. ஈ.எஸ்.ஐ. உள்ளவர் முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது, ஈ.எஸ்.ஐ.யிடம்தான் கேட்க வேண்டும். வேலைக் காயம் என்று ஏற்றுக்கொண்டால் தற்காலிக முடக்கத்துக்குச் சம்பளத்தில் 90 சதம். சாதாரண வியாதி என்று எழுதிவிட்டால் 70 சதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள். பார்த்தீர்களா, டாக்டருடைய பேனா எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எவ்வளவு வித்தியாசம்!

ஆகவே டாக்டரிடம் போகும்போது "கை வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை வாங்கி வராதீர்கள். என்ன வேலை, எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எந்தக் கை, ராத்திரியில் எந்த விரல் மரக்கிறது என்று சொல்லுங்கள். சொன்னதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதட்டினால் பயப்படாதீர்கள், நல்ல டாக்டர்கள் எழுதுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தைப் பார்க்கிற பரிசோதனை உண்டு. அந்தக் காகிதம் கிடைத்தால் அதைப் பத்திரம்போல் பாதுகாக்க வேண்டும். வக்கீல் ஆயிரம் பேசலாம். காகிதத்தில் உள்ள எண்ணோடு அவரால் சண்டை போட முடியாது.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்குக் கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் 60 சதம், அதை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6,000-ஐ 184.17-ஆல் பெருக்கினால் 11,05,020 ரூபாய். இது முழு முடக்கத்துக்கு. சம்பாதிக்கும் சக்தியில் 20 சதம் போயிற்று என்று டாக்டர் மதிப்பிட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 2,21,004 ரூபாய். "ஏதோ ஆயிரம் ரெண்டாயிரம் வைத்தியச் செலவுக்குத் தருகிறேன், இதில் கையெழுத்துப் போடு" என்று மேனேஜர் நீட்டுகிற காகிதத்தில் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படியான உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குகிற ஒப்பந்தம் செல்லாது என்றாலும், அந்தக் கையெழுத்தைச் செல்லாததாக்க இரண்டு வருஷம் நாம் நடக்கவேண்டியிருக்கும்.

20 சதமா, 50 சதமா என்பதில்தான் பெரிய சண்டை. இங்கே 1975-இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன ஒரு தீர்ப்பு நம் கையில் இருக்கிறது. ஒரு தச்சுத் தொழிலாளி வேலையில் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்கவேண்டி வந்தது. இன்னொரு கை இருக்கிறதே, முழு முடக்கம் எப்படி என்று கேட்டார்கள். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியுமா என்று கோர்ட் பார்த்தது; முழு முடக்கம்தான் என்றது. உடம்பில் எத்தனை சதம் போயிற்று என்று பார்க்காமல், செய்துவந்த வேலையைச் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். முந்திரி உடைக்கிற பெண்ணின் பிடி போய்விட்டால் அவருக்கு என்ன மிச்சம் என்று நாமும் கேட்கலாம்.

மனு கொடுக்க இரண்டு வருஷக் கெடு உண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கலாம். கான்ட்ராக்டரிடம் வேலை செய்தவர்கள், வேலை யாருக்காக நடந்ததோ அந்த முதலாளியிடமே கேட்கலாம். வீட்டுக்கு மூட்டை வாங்கிவந்து உடைக்கிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அவர்களுக்கு முதலாளி யார் என்றே காகிதம் சொல்லாது. எடைச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம். ஒரு நாள் அதுதான் சாட்சி.

குனிந்த முதுகு

விவசாயத் தொழிலாளர்கள் "எங்களுக்கு என்ன?" என்று பார்ப்பது தெரிகிறது. உண்மையைச் சொல்லிவிடுவோம். பழைய சட்டத்தின் இரண்டாவது பட்டியலில் டிராக்டர், மின்சாரம், எந்திர சக்தி கொண்டு நடக்கிற விவசாயம் இருந்தது. நாற்று நடுகிற, கரும்பு வெட்டுகிற, மல்லாக்கொட்டைக் கொல்லையில் களை கொத்துகிற கைக்கு அந்தப் பட்டியல் எளிதில் எட்டுவதில்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு ஆலை வாசலைத் தாண்டியதும் சட்டத்துக்குள் வருகிறது. அதைக் கொல்லையில் வெட்டின கைக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை.

ஆனால் நஷ்டஈடு மட்டுந்தான் வழியா? கலிபோர்னியாவில் நடந்த ஒரு சங்கதி சொல்கிறோம். அங்கே கீரை, பீட்ரூட் வயல்களில் மெக்சிகோ நாட்டுக் கூலிகள் குட்டைக் காம்புக் கொத்தால் வேலை செய்தார்கள். காம்பு ஓரடியிலிருந்து இரண்டடி. நம் களைக்கொத்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க இரண்டாக மடிந்தால்தான் அதைப் பிடிக்க முடியும். நீளக் காம்பு கொடுத்தால் பயிர் சேதமாகும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். உள்ளே இன்னொரு காரணமும் இருந்தது: குட்டைக் கொத்து இருந்தால், நிமிர்ந்து நிற்கிறவன் வேலை செய்யவில்லை என்று கங்காணிக்கு வரப்பிலிருந்தே தெரிந்துவிடும்! தொழிலாளர்கள் மனுப் போட்டார்கள். கொத்தில் பழுது இல்லை, அது உறுதியான கருவிதான் என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். 1975 ஜனவரியில் அந்த மாநில சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது: கருவி உடைந்து காயப்படுத்தினால்தான் ஆபத்து என்பதில்லை, பிடிக்கிற விதத்தாலேயே முதுகை உடைத்தால் அதுவும் ஆபத்தான கருவிதான். அந்த வருஷமே குட்டைக் கொத்து ஒழிந்தது. பயிர் ஒன்றும் அழியவில்லை. சீசர் சாவேஸும் இளமையில் அந்தக் கொத்தைப் பிடித்து முதுகு நொந்தவர்தான்.

அதே அமெரிக்காவில் எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் வரும் காயங்களைத் தடுக்க 2000 நவம்பரில் தேசம் முழுவதற்கும் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பல வருஷப் போராட்டத்தின் பலன். 2001 மார்ச்சில் அவர்கள் பார்லிமெண்ட் அதை ரத்து செய்துவிட்டது. வாங்கினதைக் காவல் காக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது.

நம் ஊரிலேயே நின்றுகொண்டு தள்ளுகிற உருளைக் களைக்கருவி நெல் வயலுக்கு வந்திருக்கிறது. எத்தனை மிராசுகள் வாங்கி வைத்திருக்கிறார்கள்? முந்திரிக் களத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை போட்டால், முதுகுக்கு ஒரு சாய்மானம் கொடுத்தால், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் கூலி பிடிக்காமல் ஓய்வு கொடுத்தால், உடைக்கிறவரையும் தோல் உரிக்கிறவரையும் மாற்றி மாற்றி உட்காரவைத்தால் செலவு என்ன ஆகிவிடும்? இவை கூலிப் பேச்சுவார்த்தையில் கூலியோடு சேர்த்து வைக்கவேண்டிய கோரிக்கைகள். இதுவரை நாம் வைத்ததில்லை. அது நம் பக்கத்துக் குறை.

ஒரு நோட்டுப் புத்தகம்

பட்டியலில் சேர்க்கச் சொல்லி சர்க்காரிடம் போகவேண்டும். மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரத்தை 1923 சட்டமே மாநில சர்க்காருக்கும் கொடுத்திருந்தது. "எங்கே உங்கள் ஆதாரம்?" என்று கேட்பார்கள். ஒரு அம்மாளின் கையைக் காட்டினால் "இது மூட்டுவாதம், இது வயசு" என்பார்கள். ஒரே களத்தில் ஒரே வேலை செய்கிற நாற்பது பேரில் முப்பது பேருக்கு அதே மூன்று விரல் மரக்கிறது என்று காட்டினால் என்ன சொல்வார்கள்? அதற்குத்தான் நோட்டுப் புத்தகம்.

1867-இல் இந்த ஊரில் மூட்டின தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அணையாததற்குக் காரணம் தினமும் யாரோ ஒருவர் விறகு வைத்ததுதான். இந்த வேலையும் அந்த மாதிரி. பேர், வயது, வேலை, எத்தனை வருஷம், எந்தக் கை, எந்த விரல், ராத்திரியில் எழுப்புகிறதா, டாக்டரிடம் போனாரா, எத்தனை நாள் கூலி போயிற்று. இவ்வளவுதான். எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர் போதும். சொந்த விவரம் வெளியே போகாது. மனுவில் எண்ணிக்கைதான் போகும்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலப்பக்கம் நோட்டுகள் இருக்கின்றன. பெயர் கொடுத்தவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம். கொஞ்சம் முன்னால் சொன்ன அந்த அம்மாளும் இங்கே வந்திருக்கிறார். முதல் நோட்டில் முதல் பெயர் அவருடையது. அவர் சொல்லச் சொல்ல அவருடைய மகள் எழுதியிருக்கிறாள்.